முன்வாயில் பாலம்

அன்பும் அறிவும் நிறைந்த என் மகளுக்கு,

உன் அம்மா எழுதும் மடல். இங்கே வீடு நலம், வீட்டின் கூரை நலம், நான் நலம். அங்கே நீயும் உன் உடலும் உன் வேலையும் அவ்வாறே இருக்க வேண்டும் என்பதே என் நாள்தோறும் உள்ள விருப்பம். உன் அப்பாவின் நலத்தை மட்டும் ஒரே சொல்லில் அடக்க இயலாததால் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டும் உன் பழைய வழக்கத்தை இம்மடலிடம் காட்டாதே. நீ அழைக்கும்போதெல்லாம் அப்பா இருமிவிட்டு அலைபேசியை என் கையில் திணிக்கிறாரே, என்மேல் கோபமா என்று கேட்டிருந்தாய். கோபம் ஏதுமில்லை அம்மா, எழுத்துப் பற்றாக்குறை.

அவர் விழுந்தார், இரண்டு பற்கள் போயின என்பது உனக்குத் தெரியும். எங்கே, எப்படி என்பதை உன்னிடம் மறைத்துவிட்டார். பேருந்து நிலையத்தின் முன்வாயிலுக்குக் குறுக்கே ஓடும் சாக்கடை உனக்கு நினைவிருக்கும், பயணிகள் மூட்டை முடிச்சோடு அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள். நிலையத்தின் அறிவிப்பாளர் என்ற பொறுப்பில் இருப்பவர் எப்போதும்போல் பின்வழியே சுற்றிக்கொண்டு போயிருக்கலாம். அன்று பார்த்துத் தேநீர்க் கடைக்காரர், "என்ன ஒலிபெருக்கி, இன்னிக்கும் சுத்திக்கிட்டுதான் போறீங்களா? வயசாயிருச்சா?" என்று கேட்டுவிட்டாராம். உன் அப்பா தாண்டினார். கால்கள் இக்கரையிலும் முகம் அக்கரையிலுமாகப் போய்ச் சேர்ந்தன. மேல்வரிசையில் நடுநாயகமாக வீற்றிருந்த இரண்டு பற்கள் சாக்கடையோடு போயின. உன் பள்ளி இலக்கண நூலுக்கு அட்டை போட்டபடியே நான் படித்தறிந்த செய்தி ஒன்று உண்டு. நாவின் நுனி மேற்பல்லின் அடியைத் தொட்டால்தான் த-வும் ந-வும் பிறக்கும். மேற்பல் கீழுதட்டைத் தொட்டால்தான் வ பிறக்கும். பிறப்பிடமே போய்விட்ட பின் அவை எங்கே போய்ப் பிறக்கும்? அதிலும் அவர் பார்க்கும் தொழிலை எண்ணிப் பார். நாள் முழுவதும் அவர் சொல்ல வேண்டியது "வண்டி தாமதமாக வரும்" என்பதைத்தான். விழுந்த மறுநாள் ஒலிபெருக்கியில் வந்தது, "அண்டி ஹாமஹமாக அரும்." ஹாமஹம் ஏதோ புதிய ஊர் என்று கருதி இருவர் அங்கே போகச் சீட்டுக் கேட்டு வரிசையில் நின்றார்களாம். நிலைய மேலாளர் அப்பாவை அறைக்கு அழைத்து, "அண்ணே, மாசக் கடைசிக்குள்ள வாயச் சரி பண்ணிக்கிட்டு வாங்க. இல்லேன்னா மெஷினுதான், எனக்கு வேற வழி தெரியல" என்று சொல்லிவிட்டார். பதிவு செய்த பெண்குரலில் பேசும் அந்த இயந்திரம் ஏற்கெனவே பெட்டியோடு வந்து மேலாளரின் மேசைக்கடியில் உட்கார்ந்திருந்தது. அப்பா வீட்டுக்கு வந்து, "அதுக்கு ஒரு பல்லுகூட இல்ல, எல்லா எழுத்தும் வருது" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். அவர் சொன்னவற்றில் விட்டுப்போன எழுத்துகளை இம்மடல் முழுவதிலும் நானே நிரப்பியிருக்கிறேன் என்பதைக் கருத்தில் கொள்க. சம்பளம் போய்விடும் என்பதைவிட, தன் குரலைக் கேட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய பயணிகள் இனி ஒரு பெட்டியின் குரலைக் கேட்டு ஓடுவார்களே என்பதுதான் அவரை வாட்டியது.

கடைத்தெருப் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். உனக்குச் சிறு வயதில் கடைவாய்ப் பல்லை அடைத்துவிட்ட அதே மருத்துவர்தான். அக்காலத்தில் அவரிடம் ஒரு மர நாற்காலியும் முனகும் மின்விசிறியும் இருந்தன. இப்போது வரவேற்பறையில் ஆள் உயர மீன்தொட்டி, படுத்தபடியே பார்க்கக் கூரையில் தொலைக்காட்சி. அந்த மீன்களுக்கு உணவளிப்பவர்கள் யார் என்பது கட்டணத்தைக் கேட்டபோது எனக்கு விளங்கிவிட்டது. மருத்துவர் வாயைத் திறக்கச் சொன்னார், அப்பா திறந்தார். தொகையைச் சொன்னார், அப்பா மூட மறந்துவிட்டார். இரு பக்கத்துப் பற்களையும் தூண்களாகக் கொண்டு நடுவே பாலம் கட்ட வேண்டுமாம். உலோகத்தில் ஒரு விலை, பீங்கானில் ஒரு விலை, பீங்கானுக்கும் மேலான ஒன்றில் வேறொரு விலை. பொருள்கள் விலை ஏறிவிட்டன, அடுத்த மாதம் இன்னும் ஏறும், இப்போதே முடித்துக்கொள்வது நல்லது என்று துணிக்கடைக்காரர்போல் எடுத்துரைத்தார். வெளியே வந்தால் வரவேற்பறைப் பெண், "தவணையிலயும் கட்டலாம் மேடம், இந்த வாரம் பல் சுத்தம் பண்றது ஃப்ரீ" என்கிறாள். இல்லாத பல்லைச் சுத்தம் செய்வதால் யாது பயன் என்று வினவ எண்ணினேன். பண்பு கருதி வினவவில்லை. அந்த வேளையில்தான் நீ பணம் அனுப்புவதாகச் சொன்னாய். அது நீ இங்கு வருவதற்கென்று சேர்த்து வைத்தது என்பதை அறிந்தே மறுத்தேன்.

ஆகவே, மொழியைக் கொண்டே நிலைமையைச் சமாளிக்கத் துணிந்தேன். த, ந, வ ஆகிய மூன்றும் கலவாத அறிவிப்பு ஒன்றை ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து இயற்றினேன்: "பயணிகளே, சற்றுப் பொறுங்கள், பஸ் பிறகு கிளம்பும்." பேருந்து என்னும் நல்ல சொல்லில் பகை எழுத்துகள் இரண்டு இருந்தமையால் மனமின்றிப் பஸ் என்ற அயற்சொல்லுக்கு இடம் கொடுத்தேன், அதன் பலனை உடனே கண்டேன். பல்லிடுக்கில் காற்றுப் புகுந்து அந்த ஸ் ஒரு நீண்ட விசிலாக ஒலிபெருக்கியில் பாய்ந்தது. நடத்துநர்தான் விசில் கொடுத்துவிட்டார் என்று கருதி ஓட்டுநர்கள் வண்டிகளை எடுத்துவிட்டார்கள். பிறகு கிளம்பும் என்று சொல்லப்பட்ட பஸ் அன்றுதான் முதன்முதலாக நேரத்துக்கு முன்பே கிளம்பியது. தேநீர்க் குவளையோடு ஒரு நடத்துநர் அதன் பின்னால் ஓடியதைக் கண்டவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அதன் பின்னரே பணியாளர் நல நிதிக்கு விண்ணப்பம் எழுதினேன். பல் சார்ந்த செலவு அழகுபடுத்தும் செலவில் அடங்கும், ஆதலால் உதவி வழங்க இயலாது என்று பதில் வந்தது. தாமதம் என்று சொல்ல முற்படும் ஒருவர் அழகுக்காகவா அதைச் சொல்கிறார்? அப்பா, "பல்லுன்னு பார்த்தாலே அவங்க பேனாவ மூடி வச்சிருவாங்க, அந்த வார்த்தையே வராம எழுதிப் பாரேன்" என்றார். அறைகூவலாகவே ஏற்றுக்கொண்டு இரண்டாம் விண்ணப்பத்தை வடித்தேன். நீயும் படித்து மகிழும்பொருட்டு அப்படியே தருகிறேன். பொருள்: முன்வாயில் பாலம் அமைத்துத் தர வேண்டுதல். பெருமதிப்பிற்குரிய ஐயா, நெடுங்காலமாகப் பயணிகளுக்குத் தொண்டாற்றிவரும் முன்வாயில் ஏற்பட்டுள்ள இடைவெளியால் பெருந்துன்பம் நேர்ந்துள்ளது. இரு பக்கங்களிலும் உறுதியான தூண்கள் உள்ளன. நடுவே ஒரு சிறு பாலம் அமைந்தால் போதுமானது. தற்போது காற்றும் நீரும் தடையின்றி வெளியேறுவதால் பொதுமக்கள் முகம் சுளிக்கின்றனர். ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன். கீழே அப்பா கையொப்பமிட்டார். பார்த்தாயா, ஒரு பிழை இல்லை, ஒரு பல்லும் இல்லை.

சில நாள் கழித்துக் கட்டுமானப் பிரிவிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் அளவு நாடாவோடு நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். "நிதி பாஸ் ஆயிருச்சு சார். பாலம் எங்க வேணும், காட்டுங்க" என்றாராம். அப்பா மகிழ்ச்சி தாங்காமல் வாயை அகலத் திறந்து விரலால் சுட்டிக்காட்டினார். "சந்தோஷம் சார், சிரிச்சது போதும், இடத்தக் காட்டுங்க" என்றார் அவர். அப்பா இன்னும் அகலத் திறந்தார். மேற்பார்வையாளர் விண்ணப்பத்தை எடுத்துத் தூண்கள், இடைவெளி, வெளியேறும் நீர் என்று உரக்கப் படித்தார், வாயைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார், மறுபடி வாயைப் பார்த்தார். பிறகு அந்தச் சாக்கடை விளிம்பிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். விழுந்த நாளிலிருந்து வாயைப் பொத்தியே திரிந்த உன் அப்பாவும் சேர்ந்து சிரித்தார், அந்தச் சிரிப்பின் விசிலில் ஒரு வண்டி கிளம்பிப் போயிற்று. "சார், வாயிலுக்கு வந்த நிதிய வாய்க்குத் திருப்ப முடியாது. வாயிலுக்குத்தான் கட்டியாகணும். வாய்க்கு நான் வேற வழி சொல்றேன்" என்று கூறி, அவர் தம் வாயைத் திறந்து தம்முடைய பாலத்தைக் காட்டியிருக்கிறார். பொறுப்புள்ள இருவர் நடுத்தெருவில் ஒருவர் வாய்க்குள் ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு தேநீர்க் கடைக்காரர் பாலைப் பொங்கவிட்டுவிட்டார். மேற்பார்வையாளரின் பாலம் பல் மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் கட்டியதாம், பொருள்களுக்கு மட்டும் கொடுத்தால் போதுமாம், ஆனால் பலமுறை போய் உட்கார வேண்டுமாம். மாலையில் அவர் வீட்டுக்கே வந்து, "ஏம்மா, பல்லுன்னு ஒரே ஒரு வார்த்த எழுதியிருக்கக் கூடாதா?" என்று என்னிடம் கேட்டார். அலுவலகம் கருதியபடி அது வாயில் என்றால் முன்வாயிலில் என்று இருந்திருக்க வேண்டும், நான் எழுதியது வாய் கூட்டல் இல், ஆகவே பிழை படித்தவருடையதே என்று தாளில் எழுதிக் காட்டினேன். அவர் எழுந்து நின்று கைகூப்பினார். எதற்காகக் கூப்பினார் என்பதை நான் ஆராயவில்லை.

கல்லூரி என்றதும் அப்பா, "என் வாய் என்ன பரீட்சப் பேப்பரா, ஆளாளுக்கு எழுதிப் பழக?" என்று முரண்டு பிடித்தார். மேலாளரின் மேசைக்கடியில் உள்ள பெட்டியை நினைவூட்டினேன், சட்டையை மாட்டிக்கொண்டார். நீண்ட கூடத்தில் நாற்காலிகள் வரிசையாக, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு வெள்ளை அங்கி. மீன்தொட்டி இல்லை. எங்களுக்கு வாய்த்த பயிற்சி மருத்துவப் பெண்ணுக்குக் கை நடுங்கியது, அப்பாவுக்குக் கால் நடுங்கியது. அவ்வழியே வந்த பேராசிரியர், "இதுல யாரு டாக்டர், யாரு பேஷன்ட்? ரெண்டு பேருமே நடுங்குறீங்களே" என்றார். ஆனால் அந்தப் பெண் பொறுமைசாலி. பாலத்தைப் பொருத்திப் பார்த்த அன்று எல்லாரும் நன்று என்றார்கள், நான் மட்டும் அப்பாவை "வந்த வண்டி" என்று சொல்லச் சொன்னேன். த-வும் ந-வும் தெளிவாகப் பிறந்தன, வ மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தது. பல் நுனி சற்று நீளம், வ பிறக்க இடம் போதவில்லை என்றேன். அவள் பேராசிரியரைப் பார்த்தாள், பேராசிரியர் என்னைப் பார்த்தார், பிறகு சிறிது தேய்க்கச் சொன்னார். தேய்த்தாள், சொன்னார், தேய்த்தாள், சொன்னார். நூலளவு குறைந்ததும் "வண்டி" என்று ஒலித்தது பார், பக்கத்து நாற்காலியில் வாய் திறந்திருந்தவர்கூடத் தலையசைத்தார். "மேடம் டீச்சரா?" என்று அந்தப் பெண் கேட்டதற்கு உன் அப்பா புதுப் பல்லோடு, "டீச்சருக்கெல்லாம் டீச்சர்" என்றார். பள்ளிக்கூட வாசலை உனக்காக மட்டுமே மிதித்த எனக்கு அதைவிடப் பெரிய பட்டம் வேண்டியதில்லை.

மாதக் கடைசி நாளில் நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். முன்வாயிலில் சிமெண்டு காய்ந்தும் காயாமலும் புதிய பாலம், அதன்மேல் நடந்தே உள்ளே போனோம். மேலாளர் இயந்திரத்தைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்திருந்தார். அப்பா ஒலிவாங்கியைப் பிடித்து, நான் எழுதிக் கொடுத்ததைத் தண்ணீர்போல் படித்தார்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, வரவேண்டிய வண்டி தாமதமாக வந்துகொண்டிருக்கிறது, தயவுசெய்து நிதானமாக நின்று, வந்ததும் வரிசையில் ஏறவும்." ஓர் எழுத்தும் சிதறவில்லை. நிலையமே கைதட்டியது. வண்டி தாமதம் என்ற செய்திக்குக் கைதட்டல் பெற்ற அறிவிப்பாளர் வேறெவரேனும் உண்டோ, நான் அறியேன். இயந்திரம் இப்போது தொலைந்த பொருள்கள் அறையில் இருக்கிறது. இதுவரை யாரும் உரிமை கோரவில்லை.

இனி உன்னிடம் வருகிறேன். சென்ற முறை பேசியபோது, "அடுத்த லீவுக்கு வந்துடுவேன்மா" என்றாய். அதிலுள்ள வ மூன்றும் முழுமையாக இல்லை. கேட்டதற்கு இணைப்புச் சரியில்லை என்றாய். இணைப்பில் கோளாறு என்றால் எல்லா எழுத்துகளும் ஒன்றுபோல் சிதையும் மகளே, வ-வை மட்டும் அது பொறுக்கி எடுக்காது, நுனி உடைந்த பல்தான் எடுக்கும். காணொளியிலும் இப்போதெல்லாம் கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரிக்கிறாய், அதே கைப்பழக்கத்தை இந்த வீட்டில் நான் பல வாரம் பார்த்துவிட்டேன். அங்கே பல் மருத்துவர்களின் மீன்தொட்டி இன்னும் பெரிதாக இருக்கும் என்பதை அறிவேன். நீ அப்பாவுக்கு அனுப்ப நினைத்த பணம் இப்போது யாருக்கும் தேவைப்படவில்லை, அதைப் பயணச்சீட்டாக மாற்றிக்கொண்டு புறப்பட்டு வா. அந்தப் பயிற்சி மருத்துவப் பெண்ணுக்குத் தேர்வுக்கு இன்னும் ஒரு வாய் குறைகிறதாம், உன் வாயைச் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை அந்தப் பக்கம் மெல்லாதே, உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளி, கெட்டியானதைக் கடித்துத் துணிச்சலைக் காட்டாதே. துணிச்சலைக் காட்டியவர் எங்கே விழுந்தார் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். அப்பா பக்கத்தில் நின்று, "எம் பொண்ணு வர்ற அன்னிக்கு மைக்குல நான்தான் சொல்லுவேன், அந்த வண்டிய மட்டும் தாமதம்னு சொல்லவே மாட்டேன்னு எழுது" என்கிறார், எழுதிவிட்டேன்.

நோயற்ற உடலும் மறைக்காத சிரிப்பும் பெற்று நீ நெடுங்காலம் நிறைவோடு வாழ எங்கள் இருவரின் ஆசிகள். ஒன்றை மட்டும் மறவாதே. இம்மடலுக்குப் பதிலாக 'வருகிறேன்' என்று எழுதி அனுப்பிவிடாதே, எழுத்தில் எல்லாருக்கும் வ வரும். அழைத்துச் சொல். நான் கேட்டுக்கொள்கிறேன்.

உன் ஒவ்வோர் எழுத்தையும் காதால் எண்ணிக்கொண்டிருக்கும்,
உன் அம்மா