சந்தன டப்பாவில் போன மகரந்தம்

அன்பு மகள் தாமரைக்கு,

கிள்ளானிலிருந்து அம்மா. பாசாரில் காய்கறி வாங்கப் போய் வழுக்கி விழுந்து வீங்கிய என் முட்டியையும் உன் அப்பாவின் வாயையும் தவிர இங்கே எல்லாம் நலம். ஸ்காட்லாந்துக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும்.

நீ விட்டுப்போன மேன்ஃப்ரெடா செடி பூத்துவிட்டது. நிலச்சம்பங்கிக்குச் சொந்தம் என்றாய், இது தலை வாராத சம்பங்கி மாதிரி அல்லவா நிற்கிறது. ஸ்ரீ கெம்பாங்கானில் முகுந்தன் சார் வைத்திருக்கும் செடியோடு மகரந்தம் மாற்றினால்தான் விதை பிடிக்கும், அந்த விதை இல்லாமல் உன் ஆராய்ச்சி நகராது என்று எழுதியிருந்தாயே, எனக்கோ நடக்க முடியவில்லை. பேங்க் வேலையை விடவைத்து உன்னைச் செடி பார்க்க அனுப்பியது அந்த வாத்தியார்தான் என்று அப்பா இரண்டு வருஷமாக அவரையும் திட்டிக்கொண்டு உன்னோடும் பேசாமல் இருக்கிறார். நான் எதுவும் கேட்கவில்லை, உன் செய்தியைக் கொஞ்சம் சத்தமாகப் படித்தேன், அவ்வளவுதான். மறுநாள் சாமி மேடையில் இருந்த சந்தன டப்பாவைக் கழுவித் துடைத்து, பூவிலிருந்த மஞ்சள் தூளைத் தட்டி எடுத்துக்கொண்டு மோட்டாரில் கிளம்பிவிட்டார்.

மீதியை முகுந்தன் சார்தான் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னார். இவர் வாசல் கேட் அருகே போய், பேச வாய் வராமல் டப்பாவை நீட்டியிருக்கிறார். சமாதானத்துக்குக் கோயில் பிரசாதம் வந்திருக்கிறது என்று நினைத்து அவர் செருப்பைக் கழற்றி, பக்தியோடு ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டாராம். "ஐயோ சார், அது பிரசாதம் இல்ல லா, என் மவ செடி!" என்று அப்பா கத்த, பிறகு இரண்டு கிழங்களும் ஒரு பிரஷை வைத்து நெற்றியிலிருந்து உன் ஆராய்ச்சியைச் சுரண்டி எடுத்து சார் செடியின் பூவில் தடவியிருக்கிறார்கள். சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப்பார்த்தார்களாம்.

அங்கிருந்து கொண்டுவந்த சார் செடி மகரந்தத்தை நம் செடிக்குத் தடவினார், பூ அத்தனையும் உதிர்ந்துவிட்டது. அன்று அப்பா சரியாகச் சாப்பிடவில்லை, நானும் பயந்துவிட்டேன். ஆனால் சார் வீட்டுச் செடியில் நாலு காய் நின்றுவிட்டது! இப்போது ஞாயிறு தவறாமல் காய் பார்க்கப் போகிறார், தோசையும் சாப்பிட்டு வருகிறார். இன்னும் "அந்த வாத்தியார்" என்றுதான் சொல்கிறார், அதை விடு.

நேரத்துக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு வைக்காதே, எடுத்த காரியம் நல்லபடியாக முடிந்து நீ நூறு வருஷம் நன்றாக இரு. வெள்ளிக்கிழமை நம் நேரம் ஏழு மணிக்கு மறக்காமல் கூப்பிடு. நான் போனை வீட்டில் அப்பா பக்கத்திலேயே வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக் காரில் கோயிலுக்குப் போய்விடுவேன். எடுக்கும்வரை அடிக்கவிடு.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா அமுதவள்ளி