நாலு மூச்சு நேரம்

உங்கள் பூ வரையும் புரோகிராமை மகள் புது லேப்டாப்பில் ஏற்றித் தந்திருக்கிறாள். பட்டனைத் தொட்டேன். விரலை எடுப்பதற்குள் மாங்காய்ப் பூ திரையில் வந்து நின்றது. எனக்குத் திக்கென்றது. நீங்கள் இல்லை என்பது அப்போதுதான் புதிதாகத் தெரிந்த மாதிரி இருந்தது.

நம் தாராவி எம்பிராய்டரிக் கடையின் பழைய கம்ப்யூட்டர் தீய்ந்துபோனதும் இன்னொன்றைத் தோளில் சுமந்து வந்தீர்கள். அதில் இந்தப் புரோகிராம் ஓடாது. அதனால் அதையே பழையது மாதிரி நடிக்க வைத்தீர்கள். ஓடியது. ஆனால் ஒரு பூ வர நாலு மூச்சு நேரமாகும்.

“ஏங்க, புதுசுதானே? ஏன் இந்த இழு இழுக்கு?”

“ரேஷன் ஆபீஸ்ல நீ தமிழ்ல சொன்னத நான் இந்தியில சொல்லி, அவன் சொன்னத உனக்குத் தமிழ்ல சொன்னேம்லா? இதுவும் ஒவ்வொண்ணையும் அப்படி மாத்தி மாத்திச் சொல்லணும்ட்டி. பாதிச் சீவன் அதுலயே போயிரும்.”

ஐந்தாவது படித்த எனக்கு அது புரிந்தது. பொறுமைதான் இல்லை. செம்பூர்க் கல்யாணப் பெண் ஒருத்தியின் ஜாக்கெட்டுக்கு, பூ வரவில்லையே என்று நாலு தடவை அழுத்திவிட்டேன். நாலு பூவும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தது தெரியவில்லை. எம்பிராய்டரி மெஷின் ஒரே இடத்தில் குத்திக் குத்தி, ஊசி ஒடிந்து, பட்டு கிழிந்தது.

நீங்கள் திட்டவில்லை. “மொதத் தடவையே அதுக்குக் கேட்டாச்சுட்டி. பதில் சொல்ல விடு” என்று சிரித்தீர்கள். கிழிசலை மறைக்கப் பெரிய பூவாகப் போட்டீர்கள். கல்யாண வீட்டில் அந்தப் பூவைத்தான் மெச்சினார்களாம்.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உங்களுக்கு ஒரு சொல் வர வெகுநேரமானது. அந்தச் சாயங்காலம், “வீட்டுக்குப் போவமா?” என்றேன். உங்கள் உதடு அசைந்தது. அதற்குள், “என்னங்க, போவமா? கேக்குதா? போவமா?” என்று மேலே மேலே கேட்டேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். மறுநாள் போய்விட்டீர்கள்.

முதல் தடவை கேட்டதற்கே பதில் வந்துகொண்டுதான் இருந்தது. நான்தான் வரவிடவில்லை.

“சலோ, அடுத்ததப் போடும்மா. பூ எப்பவோ வந்தாச்சு. இன்னும் என்ன பாத்துக்கிட்டு இருக்கே?” என்கிறாள் மகள்.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டு நாலு மூச்சு விடுகிறேன். அதன் பிறகுதான் அடுத்த பூ.