சிவப்புப் புள்ளி வைத்த பொட்டலங்கள்

என் வானவாசிக்கு,

ஒழுகிய குழாயை மாற்றிவிட்டேன். மகளுக்கு முன்பல் விழுந்தது. விண்கலத்தில் சாப்பாடு ஒழுங்காக இறங்குகிறதா?

சுற்றி வளைக்கிறேன். நேராகவே சொல்கிறேன். “சிவப்புப் புள்ளி வெச்சது நாலு இருக்கு, கல்யாண நாளன்னிக்குப் பிரி” என்று காதில் சொல்லி அனுப்பினேனே, அந்தக் காளான் சூப் பொட்டலங்களைத் தொடாதே. நாளைக்கு அதில் தண்ணீர் ஊற்றிவிடாதே.

“உங்க கம்பெனி சூப்புக்கு அட்டைப்பெட்டியே தேவலை” என்று நீ சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. மூடி ஒட்டிய ஐந்து பொட்டலங்களை கம்பெனியின் உடை மாற்றும் அறையில் பிரித்து, உனக்குப் பிடித்த மிளகைத் தூவி, மறுபடி ஒட்டினேன். உலர்த்திய உணவு காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும், உலர் அறைக்கு வெளியே பிரிக்கவே கூடாது என்று புதியவர்களுக்குப் பாடம் எடுப்பவன் நான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

ஐந்தாவதை வீட்டு அலமாரியில் வைத்திருந்தேன். இன்று காலை மகள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அப்பா, இது ஏன்பா தலையணை மாதிரி உப்பியிருக்கு?”

உள்ளே கெட்டுப்போயிருக்கிறது. அங்கே அதைக் குடித்து உனக்கு ஏதாவது ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்?

எங்கள் கம்பெனி வழியாக மேலே வரும் கடிதங்களை என் மேலதிகாரி படித்த பிறகுதான் அனுப்புவார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல நா எழவில்லை.

ஐயா, இந்த வரிக்கு வந்துவிட்டீர்களா? முதலில் அவளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பிறகு என்னைக் கூப்பிடுங்கள். உங்கள் கதவுக்கு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன்,
மிளகுக்காரன்