சிந்தசைசருக்கு வந்த அப்பாவின் குரல்

அப்பாவுக்கு வணக்கம்.

நான் நலம். உங்கள் நலத்தை அம்மாவிடம் கேட்டுக்கொள்கிறேன். நான் வேலைக்குக் கிளம்பிய அன்று மூடிய வாயை நீங்கள்தான் இன்னும் திறக்கவில்லையே!

இங்கே சிந்தசைசர் என்ற மின்னிசைப் பெட்டியை மனிதக் குரலில் 'ஆ', 'ஓ' என்று பாட வைப்பது என் வேலை. தாலாட்டுக்கு ஒரு குரல் கேட்டார்கள். நாள் முழுக்கக் குமிழ்களைத் திருகி ஒன்றை உண்டாக்கினேன்.

"என்னம்மா, யாரையோ திட்டுற மாதிரி இருக்கு?" என்றார் முதலாளி.

"எங்கப்பா சார். என் காதுல இருக்கிறது அந்தக் குரல்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி அதை அழிக்கச் சொன்னார், நான் அழிக்கவில்லை.

குளிர் தாங்கவில்லை, என் பழைய போர்வையை அனுப்பச் சொல்லுங்கள். கூடவே நாலு வரி எழுதுங்கள், திட்டியாவது. கட்டையை அழுத்தினால் இந்தப் பெட்டிகூட வாயைத் திறக்கிறது.

அவசரத்தில்,
உங்கள் மகள்