ஐந்து தடவை செத்தவன்

அம்மாவுக்கு உங்கள் சின்னவன் வணக்கத்தோடு எழுதுவது. நான் சுகம். முழங்கால் வலி தேவலையா? அக்கா மாத்திரையை மறக்காமல் கொடுக்கிறாளா?

இங்கே ஒரு வேடிக்கை. நான் தச்சு வேலை பார்க்கும் சினிமா கம்பெனியில் ஒரு சிரிப்புப் படம் எடுக்கிறார்கள். ஆளைத் தீர்த்துக்கட்டுவதற்கென்று ஒரே அரசாங்கத்தில் இரண்டு இலாகா, இரண்டுக்கும் போட்டி என்று கதை. சிக்கனப் படம் என்பதால் பிணமாகப் படுக்க வேலையாட்களையே கூப்பிட்டார்கள். சட்டையை மாற்றி மாற்றி நாலு தடவை செத்தேன். ஐந்தாவதில், “நான்தான் சுட்டேன்”, “இல்ல, என் குண்டுதான்” என்று இரண்டு கொலையாளிகளும் ஆளுக்கொரு காலைப் பிடித்து என்னை இழுத்தார்கள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

டைரக்டருக்கு மட்டும் திருப்தியில்லை. “என்ன தச்சரே, கையை இப்படி இறுக்கி வச்சிருக்கீங்க? வீட்டுல யாரும் செத்துப் பார்த்ததே இல்லையா?”

“பார்த்ததில்ல சார்” என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அப்பாவை எடுத்த அன்று லீவு கிடைக்காமல் நான் அதே செட்டில் கதவுக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது.

எனக்கு அடி எதுவும் படவில்லை, கவலைப்படாதீர்கள். அப்பாவின் மூக்குக்கண்ணாடியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

ஒன்று மட்டும். போனில் கேட்க வாய் வரவில்லை. படுக்க வைத்திருந்தபோது அப்பாவின் கை எப்படி இருந்தது அம்மா?