ஏழாம் வருஷத்து ஓய்வு

ஏலூல் மாதம் 3
பேரீச்சங்குலை இறக்கினோம். வெயில். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் யெமீமா பானை ஓட்டில் எழுதுகிறாள்.

ஏலூல் 10
நேற்று ஓய்வுநாள். வாய்க்கால் கரையில் கூட்டம். எருசலேம் எரிந்து, எங்களைப் பாபிலோனுக்கு ஓட்டி வந்து இத்தனை காலமாகியும், ஏன் என்ற பேச்சு ஓயவில்லை. மலைக்கு மலை சிலை வைத்தோமே, அதனால் என்றார் ஒருவர். பெண்கள் வானத்து ராணி என்ற வேற்றுத் தெய்வத்துக்கு அப்பம் சுட்டுப் படைத்ததால் என்றார் இன்னொருவர்.

"மாவு யாரு வாங்கிக் குடுத்தாங்களாம்?" என்றாள் யெமீமா என் காதில்.

கடைசியாக மூப்பர் பெலத்தியா எழுந்தார். "ஏழாம் வருஷம் நிலத்தைச் சும்மா போடச் சொன்னாரு கடவுள். போட்டோமா? அதான் நம்மளத் தூக்கி எறிஞ்சிட்டு, அவரே நிலத்துக்கு ஓய்வு குடுத்துட்டாரு."

எல்லோரும் அழுதார்கள். நானும்.

பெலத்தியாவின் தகப்பன் எந்த ஏழாம் வருஷமும் ஏரைக் கீழே வைத்ததில்லை. நினைவிருக்கிறது. சொல்லவில்லை.

ஏலூல் 17
வருகிற வருஷம் ஏழாவதாம். இங்கேயும் யாரும் விதைக்கக் கூடாதென்று நேற்று தீர்மானித்தார்கள்.

"இது நம்ம மண்ணா மாமா? ராஜாவோடது. வெதைக்கலேன்னா பிடுங்கிக்குவான். வாய்க்கால் தோண்டப் போன உங்க மகன் வந்து வீட்டைத் தேடணுமா?"

கேட்டது யெமீமா. ஒருமுறை கடவுள் சொல்லைக் கேட்காமல் ஊர் போயிற்று. மறுபடியும் கேட்காமலிருக்க — பயம், அவ்வளவுதான்.

திஷ்ரி 20
ஏழாம் வருஷம் பிறந்தாயிற்று. வாய்க்காலில் தண்ணீர் வந்தது. யாரும் மடை திறக்கவில்லை.

மர்கெஷ்வான் 11
ராஜாவின் நில அதிகாரியுடைய ஆள், இத்தின் என்பவன், கழுதையில் வந்தான்.

"யோவ் பெரியவரே, வெதை எங்க?"

"நிலம் ஓய்வெடுக்குது. எங்க கடவுள் கட்டளை" என்றேன்.

பெலத்தியா முழுக்க விளக்கினார். இத்தின் பொறுமையாகக் கேட்டான்.

"ஓய்வு குடுக்கலேன்னு உங்க ஊரை விட்டுத் துரத்துனாரு. சரி. இங்க குடுத்தீங்க. இப்ப நான் துரத்துறேனே, இதுக்கு என்ன சொல்வீங்க?"



கிஸ்லேவ் 4
வயல் போயிற்று. புது இடம் உப்புப் பூத்த தரை. புல்கூட இல்லை. "இங்க ஏழாம் வருஷத்தை மீறவே முடியாது" என்றார் பெலத்தியா. ஆறுதலாகத்தான் சொன்னார்.

மகனுக்கு வழி சொல்வதாக இத்தின் சொல்லியிருக்கிறான்.

கிஸ்லேவ் 9
இங்கே ஏன் வந்தோம் என்று நாளை ஓய்வுநாளில் பேசப்போகிறார்கள்.

பழைய வயலிலிருந்து யெமீமா ஒரு கூடை மண் சுமந்து வந்திருந்தாள். அதை வாசலில் கொட்டி வெங்காயம் நட்டாள். இன்னும் ஏழாம் வருஷம்தான். அவள் என்னைப் பார்த்தாள்.

நான் போய்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன்.

"இதையும் எழுதணுமா மாமா?"

எழுது என்றேன்.