கன்னியப்பன் மாமாவின் கையை அவிழ்த்த நாள்

என் அன்பு நைனா,

நம் கைப்பேச்சில் ‘நீ’ என்றும் ‘நீங்கள்’ என்றும் இரண்டு இல்லை. விரல் நீட்டினால் அது நீதான். அதனால் இங்கேயும் நீ என்றே எழுதுகிறேன். படிப்பவர்கள் என்னை மரியாதை தெரியாத பெண் என்று நினைத்தால் நினைக்கட்டும்.

செஞ்சிக்கு வந்திருக்கிறேன், லீவுக்கு. அம்மா நன்றாக இருக்கிறாள். நீ இறந்துபோனதிலிருந்து இரண்டு பேரும் வாயால்தான் பேசிக்கொள்கிறோம், வீடு ஒரே சத்தமாக இருக்கிறது. கடைசியாக வீடியோவில் பேசியபோது நெட் அறுந்து உன் கை பாதியில் நின்றுபோனதே, அப்போது என்ன சொல்ல வந்தாய்?

நெதர்லாந்தில் நான் படிப்பது மொழி, தொடர்பாடல், பண்பாடு என்ற படிப்பு. ‘அதைப் படித்து என்ன வேலை’ என்று நீ கேட்டபோது எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதல் வாரமே பேராசிரியர் ஒவ்வொருவரிடமும் தாய்மொழி என்னவென்று கேட்டார். தமிழ் என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன். பிறவியிலேயே காது கேட்காத என் அப்பாவும், வெல்டிங் பட்டறையில் அவர்கூட வேலை செய்யும், காது கேட்காத நண்பர் கன்னியப்பன் மாமாவும், பள்ளிக்கூடம் எதுவும் சொல்லித்தராமல் தாங்களாகவே உண்டாக்கிய பேச்சு என்றேன். பேராசிரியர் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். என் ஆய்வே அதுதான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

அதற்காகத்தான் கேமராவோடு வந்தேன். நீ இல்லாததால் கன்னியப்பன் மாமா மட்டும் சாயங்காலம் பட்டறையை மூடிவிட்டு நம் வீட்டுக்கு வந்து பேசுவார். போன வாரம் ஒரு நாள் வரவில்லை. அவருக்குப் பதிலாகப் போன் வந்தது. மெயின் ரோட்டில் பழக்கடை வைத்திருக்கும் சுபேதா அக்கா.

“தேவகி, உங்க நைனாகூட இருப்பாரே, அந்தப் பேச்சு வராதவரு, அவரைக் கரண்ட் போஸ்ட்ல கட்டி வெச்சிக்கிறாங்க. புள்ள புடிக்கிறவன்னு சொல்றாங்க. கோட்டை ரோட்டாண்ட சீக்கிரம் வாம்மா, அடிக்கிறாங்க.”

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. கோட்டைக்குப் போகும் ரோட்டில் புதிதாக வீடுகள் வந்திருக்கும் இடம். கும்பலை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். மாமாவின் உதடு கிழிந்திருந்தது. அவர் துண்டாலேயே அவருடைய இரண்டு கைகளையும் பின்னால் இழுத்துப் போஸ்ட்டோடு கட்டியிருந்தார்கள். சுற்றி நின்றவர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் கையில் சவுக்குக் கட்டை.

“பேரு இன்னான்னு கேட்டுக்கினே இருக்கோம், வாயத் தொறக்கல. நடிக்கிறான்.”

“அவருக்குக் காது கேக்காதுண்ணா. கையாலதான் பேசுவாரு. அவுத்து உடுங்க.”

“அவுத்தா ஓடிடுவான்.”

“வாயைக் கட்டிப்போட்டுட்டுப் பேசு பேசுன்னா எப்பிடிண்ணா பேசுவாரு?”

கட்டை வைத்திருந்தவன் என்னைத் தள்ளினான். நான் மாமாவின் முன்னால் போய் நின்றுகொண்டேன். அப்போதுதான் அழும் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். அந்தக் குழந்தையைத்தான் மாமா தூக்கினாராம். அவளிடம், “அக்கா, நீங்களே சொல்லுங்க. அவரு இன்னா சொல்றாருன்னு உங்களுக்குத் தெரிய வேணாமா?” என்றேன்.

அவள் மாமாவின் கிழிந்த உதட்டைப் பார்த்தாள். “ஒரு கைய மட்டும் அவுங்க” என்றாள்.

இடது கையை அவிழ்த்தார்கள். மாமா வலது கைக்காரர் என்று உனக்குத் தெரியுமே. லாரி என்பதற்கு நீயும் மாமாவும் இரண்டு கையாலும் ஸ்டியரிங் பிடிப்பீர்கள். இப்போது பாதி ஸ்டியரிங்தான் இருந்தது. மீதியை நான் அவர் கண்ணிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. தப்பாகப் படித்தால் என்ன ஆகும்?

மொழிபெயர்ப்பவருக்குச் சொந்தமாக ‘நான்’ கிடையாது, பேசுபவரின் ‘நான்’தான் என்று எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். அப்படியே சொன்னேன். “நான் வீட்டு கேட்டுக்கு அளவெடுக்க வந்தேன். குழந்தை தனியா ரோட்டுக்கு ஓடிச்சு.”

“நீ எங்கம்மா வந்த?” என்றான் ஒருத்தன்.

“அவரு சொல்றதைச் சொல்றேண்ணா. லாரி வந்துச்சு. கத்தினேன். என் சத்தத்துல குழந்தை பயந்து நின்னுடுச்சு. ஓடிப்போய்த் தூக்கினேன். அதோட செருப்பு ஒண்ணு ரோட்டுல விழுந்துடுச்சு.”

அந்தப் பெண் குழந்தையின் காலைப் பார்த்தாள். ஒரு கால் வெறுங்கால். யாரோ ரோட்டுக்குப் போய், டயர் ஏறித் தட்டையாகிப்போன சின்னச் செருப்பைத் தூக்கிக் காட்டினார்கள். செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

மாமா நிறுத்தவில்லை. கும்பலைச் சுற்றிக் காட்டி, ‘நீங்களெல்லாம் நாய்கள். கூட்டமாக வந்தால்தான் கடிப்பீர்கள்’ என்றார். ஒன்றையும் விடக்கூடாது, கூட்டவும் கூடாது என்பதும் எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம்தான். ஆனால் கட்டை இன்னும் அவன் கையில் இருந்தது. மாமாவின் வலது கை இன்னும் கட்டியபடியே இருந்தது. அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, “அவ்ளோதான் சொல்றாரு” என்றேன். நீ என்றால் என்ன செய்திருப்பாய், நைனா?

போலீஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். அந்தப் பெண் குழந்தையோடு வந்து கட்டில் பக்கத்தில் கைகூப்பி நின்றாள். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் போன பிறகு என்னைப் பார்த்து, ‘நாய் என்று சொன்னேனே, அதைச் சொன்னாயா?’ என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

அவருக்கு வந்த கோபத்தை நீகூடப் பார்த்திருக்க மாட்டாய். ‘கையைக் கட்டியது அவர்கள். பாதிப் பேச்சை வெட்டியது நீ’ என்றார். உயிருக்குப் பயந்துதான் என்று எவ்வளவோ சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடிக்கொண்டால் நான் யாரோடு பேசுவது?

இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. பிறகு ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதக் கூப்பிட்டார்கள். நான் அவர் வீட்டு வாசலில் போய் நின்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

அடித்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா இடது கையால் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் அவர்கள் பக்கம் திரும்பி அதே வார்த்தையைச் சொன்னார், பிறகு என்னைப் பார்த்தார்.

“நீங்கள்லாம் நாய்ங்க. கூட்டமா வந்தாத்தான் கடிப்பீங்க” என்றேன்.

எஸ்.ஐ. அம்மா பேனாவை நிறுத்தினார். “இதையும் எழுதணுமா?”

“அவரு சொன்னாரு மேடம். எழுதுங்க.”

மாமாவுக்கு என் குரல் கேட்காது. ஆனால் பெஞ்சில் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. அப்போதுதான் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

என்னை மன்னித்தாரா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அடுத்த வாரம் திரும்பிப் போகிறேன். உனக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன், நைனா. ஒருவருடைய உயிருக்காக அவர் பேச்சில் ஒரு வார்த்தையை நான் விழுங்க நேர்ந்தாலும், அதை அவருக்குத் தெரியாமல் வைத்திருக்க மாட்டேன். அதைச் சொல்ல வேண்டிய இடத்துக்கு அவரோடு போய் நிற்பேன்.

உன் கைகளைப் பார்த்துப் பேசப் பழகிய மகள்,
தேவகி